பூட்டு ஒரு கதவுக்கு மட்டும்: தேர்தல் ஆணையரின் பதவிக்காலமும் நீக்கமும்

1989 அக்டோபர் 16ஆம் தேதி எஸ்.எஸ். தனோவா, வி.எஸ். சீகல் ஆகிய இருவரும் இந்தியத் தேர்தல் ஆணையர்களாக நியமிக்கப்பட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் மக்களவைத் தேர்தல். ராஜீவ் காந்தியின் அரசு தோற்றது, வி.பி. சிங் பிரதமரானார். 1990 சனவரி 1, புத்தாண்டு நாளில், இருவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பதவியில் இருந்தது 77 நாட்கள். அவர்கள்மேல் குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை நடக்கவில்லை. அவர்களுக்காக உருவாக்கிய இரண்டு பணியிடங்களையும் அரசு ரத்து செய்துவிட்டது, அவ்வளவுதான்.

தனோவா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தலைமைத் தேர்தல் ஆணையரின் பரிந்துரை இல்லாமல் தேர்தல் ஆணையரை நீக்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறதே என்பது அவர் வாதம். 1991 சூலை 24 அன்று தீர்ப்பு வந்தது. ஆணையர்கள் எத்தனை பேர் என்று முடிவு செய்யும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. எண்ணிக்கையை உயர்த்தியவர் குறைக்கவும் செய்யலாம். பணியிடம் போவதால் ஒருவர் பதவி இழப்பது நீக்கம் ஆகாது. இதுவே தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி யாரும் நீக்கப்படவில்லை. ஆனால் இருவரும் பதவியில் இல்லை. தேர்தலை நடத்துபவரின் பாதுகாப்பு என்ற பெரிய கேள்வி முழுவதும் இந்தச் சின்ன முரணுக்குள் அடங்கியிருக்கிறது. பதவிநீக்கத்துக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். அந்தப் பூட்டு ஒரே ஒரு கதவில்தான் தொங்குகிறது. மற்ற கதவுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பூட்டு எப்படிப்பட்டது?

அரசமைப்புச் சட்டத்தின் 324ஆவது பிரிவுதான் தேர்தல் ஆணையத்தின் அடித்தளம். அதன் 5ஆம் உட்பிரிவு தலைமைத் தேர்தல் ஆணையருக்கு உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு நிகரான காப்பைத் தருகிறது. நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனம், செயலாற்ற இயலாமை ஆகிய இரண்டைத் தவிர வேறு காரணம் காட்டி அவரை நீக்க முடியாது. இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரவு தரவேண்டும். பதவியேற்ற பிறகு அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது.

இது எவ்வளவு இறுக்கமான பூட்டு என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்லலாம். மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நெடுநாள் இருந்து, பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற நீதிபதி வி. ராமசாமியை நீக்கும் தீர்மானம் 1993 மே மாதம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. விசாரணைக் குழு அவர்மீதான பல குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாகச் சொல்லியிருந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக 196 பேர் வாக்களித்தார்கள், எதிராக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்கள் எவர் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டதால் தீர்மானம் தோற்றது. அதே பூட்டுதான் தலைமைத் தேர்தல் ஆணையரையும் காக்கிறது.

மற்ற ஆணையர்களின் நிலை வேறு. தலைமைத் தேர்தல் ஆணையரின் பரிந்துரை இருந்தால் போதும், அவர்களை நீக்கிவிடலாம். நாடாளுமன்றம் தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கும் தேவையில்லை. 1950இல் ஆணையம் தொடங்கிய காலத்தில் இந்த வேறுபாடு உறுத்தவில்லை. அப்போது இருந்தது ஒரே ஒரு ஆணையர், சுகுமார் சென். இன்று மூவர் சேர்ந்து, கருத்து வேறுபட்டால் பெரும்பான்மைப்படி, முடிவெடுக்கிறார்கள். மூன்று வாக்குகளுக்கும் எடை ஒன்று. ஆனால் வாக்களிப்பவர்களில் ஒருவருக்கு மட்டுமே முழுக் காப்பு.

1949இலேயே எழுந்த கேள்வி

நீக்கத்துக்குப் போட்ட பூட்டு மட்டும் போதாது என்பதை நம் முன்னோர் காணாமல் விடவில்லை. 1949 சூன் 15, 16 தேதிகளில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தது. இன்றைய 324ஆவது பிரிவுக்கு அப்போதைய எண் வரைவுப் பிரிவு 289. தலைமைத் தேர்தல் ஆணையராக வருபவர் நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைப் பெற்றவராக இருக்கவேண்டும் என்றார் ஷிப்பன் லால் சக்சேனா. ஆளுங்கட்சியின் ஆள் என்ற பேச்சுக்கே இடம் இருக்கக்கூடாது என்பது அவர் கவலை. ஹிருதயநாத் குன்ஸ்ருவும் நியமன அதிகாரம் மொத்தமாக ஆட்சியாளர் கைக்குப் போவதைச் சுட்டிக்காட்டினார்.

அம்பேத்கர் இதை மறுக்கவில்லை. தகுதியற்றவரோ, அரசின் சொல்லுக்கு ஆடுபவரோ அந்த இடத்துக்கு வந்துவிட்டால், அவரை எளிதில் நீக்க முடியாது என்ற விதியால் என்ன பயன் என்று அவரே கேட்டார். நியமனத்துக்கான வழி நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கு உட்பட்டது என்ற சொற்கள் பிரிவில் சேர்ந்தன. அந்தச் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றம் 2023 டிசம்பர் வரை எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் பிரதமரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார், நியமனம் முடிந்தது.

அம்பேத்கர் கேட்ட கேள்வியின் ஆழத்தைப் பிற்கால நிகழ்வுகள் ஒவ்வொன்றும் விளக்கிக் காட்டின.

சேஷனும் இரண்டு புதிய நாற்காலிகளும்

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வளர்ந்தவர் டி.என். சேஷன். 1990 டிசம்பர் 12 அன்று அவர் தலைமைத் தேர்தல் ஆணையரானார். நடத்தை விதிகள், வேட்பாளர் செலவுக் கணக்கு, வாக்காளர் அடையாள அட்டை என்று ஏட்டில் கிடந்தவற்றுக்கு உயிர் கொடுத்தார் என்பது ஊரறிந்தது. அவருடைய பெரும் மோதல்களில் ஒன்று இன்று பலருக்கு மறந்துவிட்டது. தேர்தல் பணிக்கு வரும் அரசு ஊழியர்கள் அந்த நாட்களில் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், ஆணையத்துக்கா, தத்தம் அரசுக்கா? தவறு செய்த ஊழியர்மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் யாருக்கு? இதற்குத் தீர்வு வரும்வரை தேர்தலே நடக்காது என்று 1993 ஆகஸ்ட் 2 அன்று அவர் ஆணையிட்டார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, 1993 அக்டோபர் 1 அன்று, ஓர் அவசரச் சட்டம் வந்தது. மூன்று ஆணையர்களுக்கும் சம ஊதியம், சம அந்தஸ்து. கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவு. அதே நாளில் எம்.எஸ். கில், ஜி.வி.ஜி. கிருஷ்ணமூர்த்தி இருவரும் ஆணையர்களாயினர். பூட்டைத் தொடவே இல்லை. சேஷன் அதே நாற்காலியில்தான் இருந்தார். பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் வந்தன, அவர் சொல் மூன்றில் ஒன்றாயிற்று.

சேஷன் தொடுத்த வழக்கில் 1995 சூலை 14 அன்று தலைமை நீதிபதி ஏ.எம். அகமதி தலைமையிலான அரசமைப்பு அமர்வு, பலர் கொண்ட ஆணையம் செல்லும் என்றது. எனக்கும் அதில் உடன்பாடே. ஒரு தனி மனிதரின் மனநிலையை நம்பி நூறு கோடிப் பேரின் வாக்குரிமை இருக்கக்கூடாது. மூவர் கூடி விவாதித்து எடுக்கும் முடிவுக்கு வலு அதிகம். என் மனக்குறை வேறொன்றைப் பற்றியது. ஆணையம் அரசுக்குச் சிரமம் தரும் நேரத்தில், அந்த அரசே, தான் தேர்ந்த இருவரைக் கொண்டு அதன் உள்ளமைப்பை ஒரே நாளில் மாற்ற முடிந்தது. 1989இல் சேர்ப்பு, 1990இல் கழிப்பு, 1993இல் மறுபடி சேர்ப்பு. மூன்று தடவையும் கணக்குப் போட்டது ஆட்சியில் இருந்தவர்கள்.

அதே தீர்ப்பு முக்கியமான இன்னொன்றையும் சொன்னது. மற்ற ஆணையர்களை நீக்கத் தலைமை ஆணையரின் பரிந்துரை வேண்டும் என்ற விதி, அவர்களை அரசிடமிருந்து காப்பதற்காக வந்தது. அதைத் தலைமை ஆணையர் தம் விருப்பு வெறுப்புக்குப் பயன்படுத்தக்கூடாது. தகுந்த காரணம் வேண்டும். கேடயமாகக் கொடுத்ததை வாளாக எடுக்காதீர்கள் என்பதே அதன் பொருள்.

அந்த அதிகாரத்தின் எல்லை 2009இல் சோதனைக்கு வந்தது. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த, நீடாமங்கலத்துக்காரரான என். கோபாலசாமி, ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தபோது, சக ஆணையர் நவீன் சாவ்லா நடுநிலை தவறினார் என்று கூறி அவரை நீக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தார். மக்களவைத் தேர்தல் வாசலில் நின்ற நேரம். அரசு பரிந்துரையை ஏற்கவில்லை. ஏப்ரலில் கோபாலசாமி ஓய்வுபெற, சாவ்லா தலைமைத் தேர்தல் ஆணையரானார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி இல்லை. ஓர் ஆணையர்மேல் கடுமையான புகார் எழுந்தால் அதை விசாரிக்க நடுநிலையான அமைப்பு ஒன்று வேண்டும். நம்மிடம் இருந்தவை ஒரு பக்கம் சக ஆணையரின் கடிதம், மறு பக்கம் அமைச்சரவையின் முடிவு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிய விசாரணையும் கிடைக்கவில்லை, மக்களுக்குத் தெளிவான விடையும் கிடைக்கவில்லை.

காலத்தைச் சுருக்கும் கணக்கு

சுகுமார் சென் 1950 முதல் 1958 வரை பதவியில் இருந்தார். அவருக்குப் பின் கே.வி.கே. சுந்தரம் 1967 வரை. முதல் நான்கு பொதுத் தேர்தல்களை இருவரே நடத்தி முடித்தார்கள். இதற்கு நேர்மாறாக 2017 சூலைக்கும் 2018 டிசம்பருக்கும் இடையில் ஏ.கே. ஜோதி, ஓ.பி. ராவத், சுனில் அரோரா என்று மூவர் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பதவியேற்றார்கள். 2015இல் எச்.எஸ். பிரம்மா அந்த இடத்தில் இருந்தது ஏறக்குறைய மூன்று மாதம்.

யாரும் அவர்களை நீக்கவில்லை. சட்டத்தின் கூட்டல் கழித்தல்தான் காரணம். பதவிக்காலம் ஆறு ஆண்டு அல்லது 65 வயது, எது முதலில் வருகிறதோ அது. நியமனம் பெறுபவர்களோ பெரும்பாலும் 60 வயதில் அரசுப் பணியை முடித்தவர்கள். அறுபதில் தொடங்குபவருக்கு ஆறு ஆண்டு எங்கிருந்து வரும்? அந்த ஐந்தாண்டிலும் முதல் பகுதி சாதாரண ஆணையராகக் கழிகிறது. சேஷன் பதவியேற்றபோது அவருக்கு 58 நிறையவில்லை. அதனால் முழு ஆறு ஆண்டும் கிடைத்தது. அவருக்குப் பிறகு எந்தத் தலைமை ஆணையரும் அந்த நாற்காலியில் ஆறு ஆண்டைத் தொடவில்லை. யாரை எந்த வயதில் நியமிப்பது என்பதைத் தீர்மானிப்பவர், அவர் எத்தனை நாள் இருப்பார் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறார்.

காலத்தை வெளிப்படையாகவே வெட்டிய நிகழ்வும் உண்டு. உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையருக்கு உயர் நீதிமன்ற நீதிபதிக்குரிய காப்பை 243கே பிரிவு தருகிறது. ஆந்திராவில் அந்தப் பொறுப்பில் இருந்த என். ரமேஷ் குமார், கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிவைத்தார். ஏப்ரல் 10 அன்று மாநில அரசு அவசரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை மூன்றாண்டாக்கியது. அவர் மூன்றாண்டை முடித்திருந்ததால் அந்த நொடியே பதவி போயிற்று. மதராஸ் உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி வி. கனகராஜ் அந்த இடத்துக்கு வந்தார். 1990இல் நாற்காலியை எடுத்தார்கள். இங்கே நாட்காட்டியைக் கிழித்தார்கள். மே 29 அன்று ஆந்திர உயர் நீதிமன்றம் அந்த அவசரச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. ரமேஷ் குமார் ஆகஸ்டில் மீண்டும் பொறுப்பேற்றார். நீதிமன்றம் காத்தது உண்மை. ஆனால் நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம் கரைந்துபோனது.

பதவிக்குப் பிறகு என்ன?

தணிக்கைத் துறைத் தலைவர் ஓய்வுக்குப் பிறகு மத்திய, மாநில அரசுகளின்கீழ் எந்தப் பதவியும் ஏற்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டமே தடுக்கிறது. மத்தியத் தேர்வாணையத் தலைவருக்கும் அதே தடை. தேர்தல் ஆணையர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ஆர்.கே. திரிவேதி பின்னாளில் குஜராத் ஆளுநரானார். 1990இல் சில நாட்கள் பொறுப்பு வகித்த வி.எஸ். ரமாதேவி பின்னர் இமாசலப் பிரதேசத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆளுநரானார். எம்.எஸ். கில் மாநிலங்களவைக்குச் சென்று மத்திய அமைச்சரானார். சேஷனே 1999இல் காங்கிரஸ் வேட்பாளராகக் காந்திநகரில் நின்றார். இவர்கள் எவருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தீர்ப்பு சொல்பவருக்கு நாளை வழக்காளி விருந்து வைக்கலாம் என்ற நிலை இருந்தால், இன்றைய தீர்ப்பை ஊர் முழு மனதோடு நம்பாது. 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு இந்தத் தடையைப் பரிந்துரைத்தது. இன்றுவரை அது சட்டமாகவில்லை.

இடையிலேயே விலகுவதும் இதில் சேரும். 2019 தேர்தலில் நடத்தை விதிப் புகார்கள் சிலவற்றில் மாறுபட்ட கருத்தைப் பதிந்த அசோக் லவாசா, தலைமைப் பதவி கிட்டும் தூரத்தில் இருந்தபோது, 2020இல் விலகி ஆசிய வளர்ச்சி வங்கியின் துணைத் தலைவராகச் சென்றார். அருண் கோயல் 2022 நவம்பர் 18 அன்று அரசுப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று மறுநாளே தேர்தல் ஆணையரானார். அந்த வேகம் உச்ச நீதிமன்றத்தையே கோப்புகளைக் கேட்க வைத்தது. 2027 வரை காலம் இருந்தும், 2024 மார்ச் 9 அன்று, மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்னால், அவர் விலகினார். அன்று ஆணையத்தில் தலைமை ஆணையர் ராஜீவ் குமார் மட்டுமே மிஞ்சினார்.

பகேரியாவும் கொழும்பும்

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகருக்குக் கிழக்கே பகேரியா என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாக்களிக்கப் போகும் ஒருவர் நம்முடையதைப் போன்ற தேர்தல் ஆணையத்தைப் பார்த்திருக்க மாட்டார். இத்தாலியில் அப்படி ஓர் அமைப்பு கிடையாது. ஏற்பாடுகள் உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. ஆனால் பகேரியாவின் வாக்குச்சாவடித் தலைவர்களை நியமிப்பது பலேர்மோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவர். வாக்குகளைத் தொகுத்து இடங்களை அறிவிக்கும் அலுவலகங்களும் நீதிமன்றங்களில் நீதிபதிகளைக் கொண்டே அமைகின்றன. அந்த நீதிபதிகளை நீக்கவோ இடம் மாற்றவோ அமைச்சருக்கு அதிகாரம் இல்லை. நீதித்துறை உயர் மன்றத்தின் முடிவு வேண்டும் என்கிறது இத்தாலிய அரசமைப்பின் 107ஆவது பிரிவு. அந்த மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரில் மூன்றில் இரண்டு பங்கினரை நீதிபதிகளே தேர்கிறார்கள். தனி ஆணையம் இல்லாத குறையை, எண்ணும் கையைக் காப்பதன் மூலம் அவர்கள் ஈடுசெய்கிறார்கள். அதிலும் ஓட்டை உண்டு. 2022 சூன் 12 அன்று பலேர்மோ நகராட்சித் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைவர்கள் பலர் கடைசி நேரத்தில் வராமல் போனதால், பல சாவடிகள் உரிய நேரத்தில் திறக்கவில்லை. அன்று இரவு உள்ளூர் அணியின் கால்பந்து இறுதிப் போட்டி இருந்தது. உச்சியில் எவ்வளவு காப்பு இருந்தாலும், அடியில் நிற்பவர் தம் பொறுப்பை உணர்ந்து நிற்கவேண்டும்.

கனடாவில் தலைமைத் தேர்தல் அதிகாரியை மக்களவையின் தீர்மானமே நியமிக்கிறது. பத்தாண்டு, ஒரே ஒரு முறை. கானாவில் நீக்க விதி கடுமையானது. தலைமை நீதிபதி அமைக்கும் குழு விசாரிக்கவேண்டும். அப்படியும் 2018 சூனில் ஆணையத் தலைவர் சார்லட் ஓசேயும் துணைத் தலைவர்கள் இருவரும் ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். 2016இல் அவர் நடத்திய தேர்தலில் ஆட்சி மாறியிருந்தது. முறைப்படி நடந்த நீக்கத்துக்குப் பின்னாலும் நோக்கம் பற்றிய ஐயம் எழாமல் இருக்க, நியமிப்பவர்மேல் எல்லாத் தரப்புக்கும் நம்பிக்கை வேண்டும்.

இலங்கைக் கதை இதற்கெல்லாம் தலைகீழ். 2001இல் 17ஆவது திருத்தம் சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழுவை உருவாக்கியது. ஆனால் தலைவர் நியமனத்தில் சிக்கல் விழுந்து, ஆணைக்குழு அமையவே இல்லை. புதிய ஆணைக்குழு அமையும்வரை இருக்கும் தேர்தல் ஆணையாளர் தொடரவேண்டும் என்பது விதி. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் தயானந்த திசாநாயக்க. ஓய்வு கேட்டார், கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தை நாடினார், அங்கும் விடுதலை கிடைக்கவில்லை. போக விரும்பியவரை அந்தக் கதிரையில் இருத்தியே 2010 வரையான தேர்தல்கள் நடந்தன. 2011இல்தான் அவர் ஓய்வுபெற்றார். 19ஆவது திருத்தத்துக்குப் பிறகு, 2015 நவம்பரில், மகிந்த தேசப்பிரிய தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூல் அதன் மூன்று உறுப்பினர்களில் ஒருவர். நீக்க முடியாமை எப்படி ஒரு காப்போ, அதைப் போல விலக முடியாமை ஒரு சிறை. நியமிக்க வேண்டியவர்கள் நியமிக்காமல் விட்டாலே ஓர் அமைப்பை ஊமையாக்கிவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நுழைவாசல்

2023 மார்ச் 2 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐவர் அமர்வு, அனூப் பரன்வால் வழக்கில், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழுவே ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றது. 74 ஆண்டு காத்திருந்த சட்டம் ஒன்பதே மாதத்தில் வந்தது. ஆனால் அதில் தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் நியமிக்கும் மத்திய அமைச்சர் அமர்ந்தார். பிரதமர், அவருடைய அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் என்ற மூவரில் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கூட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம். எதிர்க்கட்சித் தலைவர் தம் மறுப்பை எழுதிக் கொடுக்கலாம், தடுக்க முடியாது. மற்ற இரு ஆணையர்களுக்கும் முழுக் காப்பு வேண்டும் என்று 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் சொன்னதும் இந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஓய்வுக்குப் பிந்தைய பதவித் தடையும் இல்லை.

என்ன செய்யவேண்டும் என்பது 1949 முதல் வந்த வாதங்களிலேயே இருக்கிறது. மூன்று ஆணையர்களுக்கும் ஒரே நீக்க முறை. வயதைக் காட்டிக் குறுக்க முடியாத நிலையான பதவிக்காலம். ஆணையர் எண்ணிக்கையை அரசமைப்பிலேயே நிர்ணயிப்பது. ஓய்வுக்குப் பின் அரசுப் பதவிக்குத் தடை. எல்லாவற்றுக்கும் முதலாக, ஆளுங்கட்சி மட்டுமே விரும்பும் ஒருவர் உள்ளே வர முடியாத தேர்வுக் குழு. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முன் நான்கும் தவறான ஆளைப் பத்திரமாகக் காக்கவே உதவும்.

இவையெல்லாம் தில்லி விவகாரம் என்று தோன்றலாம். சேஷனின் 1993 ஆணை எதைப் பற்றியது என்று மறுபடி நினைத்துப் பாருங்கள். தேர்தலுக்கு முந்தின நாள் மாலை, கையில் இயந்திரப் பெட்டியோடு, அறிமுகமில்லாத ஊரின் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கும் ஆசிரியையைப் பற்றியது அது. மறுநாள் உள்ளூர்ப் பெரும்புள்ளி ஒருவர் சாவடிக்குள் நுழைந்து அதட்டினால், வெளியே போங்கள் என்று சொல்ல அவருக்கு எங்கிருந்து தெம்பு வரும்? அன்றைக்குத் தான் ஆணையத்தின் ஊழியர், ஆணையம் தன்னைக் கைவிடாது என்ற நம்பிக்கையிலிருந்து வரும். மேலே இருப்பவரின் பதவி யாருடைய தயவிலும் இல்லை என்றால்தான் அந்த நம்பிக்கைக்குப் பொருள் உண்டு. தில்லியில் நாம் கேட்கும் காப்பு, அந்தப் பள்ளிக்கூட அறையில் நிற்கும் அவருக்காகத்தான்.